வெறுங்காலா, சப்பாத்தா?

அதிகாலை ஐந்தரை மணிக்குக் கண்டி வாவிக்கரையில் ஓடுபவர்களின் முகம் தெரியாது. ஆனால் காலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்பதைக் காதே சொல்லிவிடும். தடித்த அடியுள்ள சப்பாத்து வரும்போது ஒவ்வோர் அடியும் ‘தொப், தொப்’ என்று தனித்தனியாக விழும். வெறுங்காலில் ஓடிப் பழகிய பாடசாலைப் பையன் ஒருவன் கடந்து போனால் ஈரக் கல்லில் துணி உரசுவது போன்ற மெல்லிய ஒலி மட்டும் கேட்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் அடுத்த வளைவுக்குப் போயிருப்பான். அதே வேளையில் வடகரையில் தலதா மாளிகைக்கு வருபவர்கள் பாதணிகளைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு, குளிர்ந்த தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறார்கள்.

அந்த இரண்டு சத்தங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் உலகெங்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வாதம் அடங்கியிருக்கிறது. மனிதன் வெறுங்காலில் ஓடுவது நல்லதா, மெல்லிய அடியுள்ள சப்பாத்தில் ஓடுவதா, அல்லது குதியில் மெத்தை வைத்த வழக்கமான ஓட்டச் சப்பாத்திலா? கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கே வெறுங்காலில் ஓடும் பிள்ளைகளில் பலர் அதைத் தாமாகத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர்.

ஓர் அடியில் நடப்பது

மனிதப் பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை இந்தச் சிறிய அமைப்பின் மீது இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் சுமார் 3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வாவியை ஒருமுறை சுற்றி ஓடினால், ஏறத்தாழ 3,000 தடவை அந்த விசையைத் தாங்க வேண்டும்.

மெத்தைச் சப்பாத்து அணிந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குதிகால்தான் முதலில் தரையைத் தொடுகிறது. அந்த நொடியில் முழங்கால் ஏறக்குறைய நீட்டியிருக்கும். கால் உடலுக்குச் சற்று முன்னால் விழும். தரையிலிருந்து ஒரு கூர்மையான அதிர்வு கணுக்கால் வழியாக முழங்காலுக்கு ஏறுகிறது. காதில் விழும் ‘தொப்’ அதுதான். குதியில் உள்ள நுரை அதிர்வின் கூர்மையை மழுக்குவதால் ஓடுபவருக்கு வலி தெரிவதில்லை.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதே ஆளை அதே தார் வீதியில் ஓடவிட்டால், சில நூறு மீட்டருக்குள் உடல் தானாகவே ஓட்டத்தை மாற்றப் பார்க்கும். குதியால் அடித்தால் வலிக்கும் என்பதால் அடிகள் குறுகும், எண்ணிக்கையில் கூடும். கால் உடலுக்குக் கீழேயே விழும். பலருக்கு முன்பாதமோ நடுப்பாதமோ முதலில் தரையைத் தொட்டு, பிறகு குதி மெல்ல இறங்கும். கெண்டைக்கால் தசையும் குதிநாணும் சுருள்வில் போல் நீண்டு சுருங்கி அந்த விசையை வாங்கிக்கொள்கின்றன.

இரண்டு ஓட்டத்திலும் விசை இருக்கிறது. இறங்கும் இடம்தான் வேறு. குதியால் ஓடுபவரின் சுமையில் பெரும் பங்கு முழங்காலுக்குப் போகிறது. முன்பாதத்தால் ஓடுபவரின் சுமை கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் முன்பாத எலும்புகளுக்கும் போகிறது. எந்தச் சப்பாத்து விளம்பரமும் இதைச் சொல்வதில்லை. வெறுங்காலைப் போற்றும் நூல்கள் பலவும் இதைக் கடந்து போய்விடுகின்றன.

ரோம் முதல் வியன்னா வரை

1960 செப்டெம்பர் 10 இரவு, ரோம் ஒலிம்பிக் மரதனில் எதியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலில் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் உலக சாதனை படைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அவரே சப்பாத்து அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடத்தில் தம் நேரத்தையும் உலக சாதனையையும் மேலும் குறைத்தார். வெறுங்கால் வாதத்தின் இரு தரப்பும் சாட்சிக்கு அழைப்பது இந்த ஒரே மனிதரைத்தான்.

1970களில் அமெரிக்காவில் மெல்லோட்டம் பொதுமக்களின் பழக்கமானது. குதியில் தடித்த நுரை வைத்த சப்பாத்தும் அத்தோடு பரவியது. 2009-ல் கிறிஸ்டோபர் மக்டூகல் எழுதிய ‘போர்ன் டு ரன்’ நூல் மெக்சிக்கோவின் தராஹுமாரா மக்களின் நெடுந்தூர ஓட்டத்தை உலகுக்குக் காட்டியது. 2010 ஜனவரியில் ஹாவர்ட் பேராசிரியர் டேனியல் லீபர்மனும் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெறுங்காலில் ஓடி வளர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அவர்களிடம் அந்தக் கூர்மையான அதிர்வு ஏறக்குறைய இல்லை என்று அது காட்டியது. ஐந்து விரல்களுக்கும் தனித்தனி உறை வைத்த விப்ரம் நிறுவனத்தின் மெல்லிய சப்பாத்து கடைகளில் பறந்தது.

மறுபக்கமும் விரைவிலேயே வெளிவந்தது. 2013-ல் வடகென்யாவின் தாசனாச் மக்களை ஆராய்ந்தவர்கள், வெறுங்காலிலேயே வாழும் அவர்கள் மிதமான வேகத்தில் பெரும்பாலும் குதியால்தான் ஓடுகிறார்கள் என்று கண்டனர். அதே ஆண்டு அமெரிக்காவில் 10 வாரங்களில் விரல் சப்பாத்துக்கு மாறிய 19 ஓட்டக்காரர்களைப் பரிசோதித்தபோது, 10 பேரின் பாத எலும்பு மச்சையில் வீக்கம் கூடியிருந்தது. எலும்பு முறிவுக்கு முந்தைய எச்சரிக்கை அது. பாதத்தை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்ற விளம்பரங்களுக்குப் போதிய சான்றில்லை என்று தொடரப்பட்ட வழக்கை விப்ரம் 2014-ல், தவறை ஒப்புக்கொள்ளாமல், 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலரில் முடித்துக்கொண்டது.

பிறகு ஊசல் மறுபுறம் ஆடியது. நுரை மேலும் தடித்தது, உள்ளே கார்பன் தகடு புகுந்தது. 2019 ஒக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே அத்தகைய சப்பாத்தில் மரதன் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். அடுத்த ஆண்டே, வீதி ஓட்டச் சப்பாத்தின் அடித்தடிப்பு 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று உலக மெய்வல்லுநர் சங்கம் வரம்பு விதித்தது.

> பெட்டிச் செய்தி: ‘சப்பாத்து’ வந்த வழி
>
> தமிழகத்தில் ‘ஷூ’ என்றும் ‘காலணி’ என்றும் சொல்வதை இலங்கைத் தமிழர் ‘சப்பாத்து’ என்கிறார்கள். போர்த்துக்கேய மொழியின் ‘சபாத்து’ இது. சிங்களத்திலும் ‘சபத்து’ என்றே வழங்குகிறது. மூடிய காலணி இந்தத் தீவுக்கு யாரோடு வந்தது என்பதற்கு அந்தச் சொல்லே சான்று. இறப்பர்ச் செருப்புக்கு நிறுவனத்தின் பெயரே பெயராகி, இன்றும் பல வீடுகளில் அது ‘பாட்டா’தான்.

நடந்தே வந்த கால்கள்

கண்டிச் சீமையின் தமிழருக்கு வெறுங்கால் என்பது முதலில் வரலாறு. 1820களில் கம்பளை, பேராதனைப் பக்கங்களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். காலில் எதுவும் இல்லை. கொலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 2023-ல், மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தை மக்கள் மீண்டும் நடந்து கடந்தார்கள்.

அந்தக் கால்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் வெறுங்கால்களாகவே இருந்தன. அதற்குக் கொடுத்த விலை இரத்தம். கொக்கிப்புழுவின் நுண்ணிய இளம்புழுக்கள் ஈர மண்ணில் காத்திருந்து, விரலிடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகின்றன. குடலில் தங்கி இரத்தம் குடிக்கும் அந்தப் புழுவால் தோட்டத்து லயங்களில் சோகை பரவலாக இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு இலங்கையில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம், முதலில் கால் வைத்த இடங்களில் மாத்தளைத் தோட்டங்களும் அடங்கும். மருந்து கொடுத்தது ஒருபக்கம். மலசலகூடமும் காலணியும் வந்தபோதுதான் நோய் பின்வாங்கியது. வெறுங்கால் இயற்கையானது என்ற பேச்சை மலையகத்தில் எடுப்பவர் முதலில் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தக் கால்கள் பெற்ற வலிமையும் உண்மையே. இடுப்பில் படங்கு கட்டி, சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த ஒரு மூதாட்டியின் உள்ளங்காலைப் பார்த்தால் தெரியும். விரல்கள் விசிறி போல் விரிந்திருக்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். குதியின் ஓரத் தோல் மரப்பட்டைபோல் தடித்திருக்கும். அந்தத் தோல் மரத்துப்போனது என்று நினைப்பது தவறு. 2019-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான, கென்ய மக்களை முக்கியமாக ஆராய்ந்த ஆய்வு ஒன்று, தடித்த காய்ப்பு பாதத்தைப் பாதுகாத்தாலும் தொடுவுணர்வைக் குறைப்பதில்லை என்று நிறுவியது. சப்பாத்தின் தடித்த நுரையால் அப்படிச் செய்ய முடியாது. அது பாதுகாக்கும்போதே தரையை மறைத்துவிடுகிறது.

சரிவும் கிரவலும் தாரும்

வெறுங்கால் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆய்வுகூடத்துச் சமதளத்தில் செய்யப்பட்டவை. கண்டியில் சமதளம் வாவிக்கரையிலும் போகம்பறை மைதானத்திலும் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் மகாவலிக் கரை வீதிகளிலும்தான் கிடைக்கும். மற்ற எல்லா ஓட்டமும் ஏற்றம், அல்லது இறக்கம்.

ஏற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மேலே ஏறும்போது எல்லோருமே முன்பாதத்தில் இறங்கவே முனைவர், அதிர்வும் குறைவு. பிரச்சினை இறக்கத்தில். 9 பாகைச் சரிவில் இறங்கி ஓடும்போது மோதல் அதிர்வின் உச்சம் சமதளத்தை விட 54 சதவீதம் கூடுவதாக 2005-ல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஹந்தானையிலிருந்து நகருக்கு இறங்கும் வீதியில் சில வளைவுகள் இதற்குச் சளைத்தவை அல்ல. வெறுங்காலில் இறங்குபவர் அடியைக் குறுக்கி, வேகத்தைக் குறைத்து, மெல்ல இறங்கித்தான் ஆக வேண்டும். மெத்தைச் சப்பாத்து அணிந்தவர் அந்த எச்சரிக்கை இல்லாமல் பாய்ந்து இறங்குகிறார். மறுநாள் படியிறங்கும்போது தொடைத் தசையும் முழங்காலும் கணக்குக் கேட்கும்.

தரையின் தன்மையும் அடிக்கு அடி மாறும். மாலை மழைக்குப் பிறகு பாசி படிந்த சீமெந்துப் படியில் தேய்ந்த சப்பாத்து வழுக்கும். விரல் விரிந்த வெறுங்கால் பற்றிக்கொள்ளும். அதே கால் கிரவல் பாதையில் கூர்க்கல்லிலும் உடைந்த போத்தலிலும் மாட்டிக்கொள்ளும். நண்பகல் வெயிலில் தார் வீதி உள்ளங்காலைச் சுடும். செயற்கை ஓடுபாதையும் அப்படியே. எசல பெரஹராவில் நடனக் கலைஞர்கள் பல மணி நேரம் வெறுங்காலில் ஆடிச் செல்வது பெரும்பாலும் இரவில், வெயில் தணிந்த வீதியில்.

உடவத்த கெலே வனத்தின் ஈரப்பாதையில் அட்டைகள் காத்திருக்கும். அட்டைக்கடி தொல்லையே தவிர ஆபத்தல்ல. எலிக்காய்ச்சல் அப்படியல்ல. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே நோயைக் கொண்டுவரும். 2008-ல் நாட்டில் அந்நோய் பெருமளவில் பரவியபோது மாத்தளை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வயலோரத்திலும் கான் பெருகிய வீதியிலும் வெறுங்காலில் ஓடுவதை எந்த ஓட்ட முறையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்களுக்கு வெறுங்கால் ஓட்டம் எந்தத் தரையிலும் கூடாது. 2008-ல் வெளியான தேசிய ஆய்வின்படி இலங்கையில் வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. குத்திய முள்ளை உணராத கால், புண் பெருகிய பிறகே வைத்தியரிடம் போகும்.

காயம் குறைகிறதா?

ஓடுபவர் கேட்கும் முக்கியக் கேள்வி இதுதான்: எதைப் போட்டால் முழங்கால் வலி வராது? 2022-ல் காக்ரேன் அமைப்பு 11,240 பேர் பங்கேற்ற 12 பரிசோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தது. மெத்தை கூடிய சப்பாத்து, மெல்லிய சப்பாத்து, வழக்கமான சப்பாத்து ஆகியவற்றில் ஒன்று மற்றொன்றை விடக் காயத்தைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பாதத்தின் வளைவைப் பார்த்து அதற்கேற்ற சப்பாத்தைப் பரிந்துரைப்பதும் பயன் தரவில்லை. பெருமளவில் இராணுவப் பயிற்சியாளர்களிடம் செய்யப்பட்ட பரிசோதனைகளின் முடிவு அது. கடையில் காலை அளந்து ‘உங்கள் பாதத்துக்கு இதுதான்’ என்று பல்லாயிரம் ரூபாய்ச் சப்பாத்தை நீட்டும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

வேகத்தைப் பொறுத்தவரை கணக்கு சற்றுத் தெளிவு. காலில் கூடும் ஒவ்வொரு 100 கிராமும் ஓட்டத்தின் சக்திச் செலவைச் சுமார் ஒரு சதவீதம் கூட்டுகிறது. அப்படியானால் எடையே இல்லாத வெறுங்கால் வெல்ல வேண்டும். ஆனால் மெத்தை செய்யும் வேலையை வெறுங்காலில் தசையே செய்ய வேண்டியிருப்பதால், இலேசான மெத்தைச் சப்பாத்துக்கு எதிராக அந்த இலாபம் கரைந்துவிடுகிறது. குறுந்தூரத்தில் வாதமே இல்லை. கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர் டங்கன் வைட் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டலில் 51.8 விநாடியில் வெள்ளி வென்று நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். அத்தகைய ஓட்டத்துக்கு ஆணிச் சப்பாத்தின் பிடிப்பு தேவை.

காயத்தை வரவழைப்பது பெரும்பாலும் திடீர் மாற்றம். பத்து ஆண்டுகள் மெத்தையில் ஓடிய கெண்டைக்காலை ஒரே வாரத்தில் வெறுங்கால் சுமையை ஏற்கச் சொன்னால் குதிநாண் வீங்கும், முன்பாத எலும்பில் நுண்முறிவு விழும். தலைகீழாகவும் இது நடக்கும் என்பதே மலையகப் பாடசாலைகளுக்கான செய்தி.

இல்ல விளையாட்டுப் போட்டி நாள்

ஆண்டின் முதல் தவணையில் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். முதல் நிகழ்வு பெரும்பாலும் மரதன்; பாடசாலை வாசலிலிருந்து தேயிலை மலைகளூடே சில கிலோமீட்டர். ஆண்டு முழுதும் பாட்டாவிலும் வெறுங்காலிலும் மலையேறி இறங்கிய பிள்ளைக்கு அன்றைக்கென்று ஒரு சோடி இரவல் சப்பாத்தோ, கடனுக்கு வாங்கிய புதுச் சப்பாத்தோ கிடைக்கிறது. விரிந்த பாதம் குறுகிய முனைக்குள் நசுங்கும். இரண்டாவது கிலோமீட்டரில் குதியின் பின்புறம் கொப்புளம் வந்து உடையும். மூன்றாவதில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓடும் பிள்ளையை மலையகத்தில் பார்த்தவர்கள் பலர்.

சப்பாத்து கெட்டது என்று இதற்குப் பொருளல்ல. அந்தப் பாதத்துக்கு ஏற்ற சப்பாத்து கொடுக்கப்படவில்லை, பழகவும் அவகாசம் தரப்படவில்லை என்பதே பொருள்.

பிள்ளைகளின் பாதத்தைப் பற்றி நம்பகமான ஒரு தகவல் தென்னிந்தியாவிலிருந்தே வந்தது. 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளை மணிப்பாலைச் சேர்ந்த வைத்தியர்கள் ராவும் ஜோசப்பும் பரிசோதித்து 1992-ல் முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது, அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கு மட்டுமே. மூடிய, விரலை நெருக்கும் சப்பாத்தைச் சிறு வயதிலேயே மாட்டுவது வளைவின் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும் என்பது அவர்களின் முடிவு. கறுப்புத் தோல் சப்பாத்தும் வெள்ளைக் காலுறையுமாக நாள் முழுதும் வகுப்பில் உட்காரும் பிள்ளை, மாலையில் சுத்தமான புல்வெளியில் ஒரு மணி நேரம் வெறுங்காலில் ஓடி விளையாடுவது பாதத்துக்குக் கிடைக்கும் நல்ல மருந்து.

> பெட்டிச் செய்தி: வீட்டிலேயே ஓர் அளவை
>
> பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். அளவெடுக்க அதுவே நேரம். பிள்ளையை வெள்ளைத் தாளின் மேல் முழு எடையோடு நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைய வேண்டும். சப்பாத்தை அந்தக் கோட்டின் மேல் வைக்கும்போது, கோடு எங்காவது வெளியே தெரிந்தால் சப்பாத்து ஒடுக்கம். நீண்ட விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். முன்பகுதியைக் கையால் வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் எளிதாக வளைய வேண்டும்.
>
> மெத்தையிலிருந்து வெறுங்காலுக்கு மாற விரும்பும் பெரியவர்கள் முதலில் சில வாரம் வீட்டிலும் முற்றத்திலும் வெறுங்காலில் நடக்க வேண்டும். பிறகு வழக்கமான ஓட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் புல்லில் வெறுங்காலில் ஓடி, மாதக்கணக்கில் மெல்லக் கூட்டலாம். கெண்டைக்கால் இறுக்கம் சகஜம். பாதத்தின் மேற்புறத்தில் ஒரு புள்ளியில் அழுத்தும்போது வலித்தால் உடனே நிறுத்தி வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

விலையும் தேர்வும்

2022 நெருக்கடியில் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாய் வரை ஏறியது. இறக்குமதியான ஓட்டச் சப்பாத்து நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாமல் போனது. நாட்சம்பளத்தில் வாழும் தோட்டக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சப்பாத்தின் நுரையும் பல நூறு கிலோமீட்டருக்குப் பிறகு தளர்ந்துவிடும். மலை வீதியின் கரடு அதன் அடியை இன்னும் விரைவாகத் தேய்க்கும்.

இந்த நிலையில் ஆய்வுகள் தரும் முடிவு ஏழைப் பெற்றோருக்கு ஆறுதலானது. விலை உயர்ந்த மெத்தை இல்லாததால் பிள்ளையின் கால் கெட்டுவிடாது. தட்டையான இறப்பர் அடியும் அகன்ற முன்பகுதியும் உள்ள சாதாரண கன்வஸ் சப்பாத்து, மேல்நாட்டில் பெரும் விலைக்கு விற்கப்படும் ‘மெல்லிய சப்பாத்’தின் வேலையைப் பெருமளவு செய்துவிடும். கண்ணாடித் துண்டையும் புழுவையும் சேற்றையும் அது தடுக்கும். விரலை விரிய விடும். இறப்பர் பால் வடியும் நாட்டில் அப்படி ஒரு சப்பாத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுப்பது முடியாத காரியமல்ல. பாடசாலைச் சப்பாத்துக்கு அரசு வழங்கும் வவுச்சரை வகுப்பறைக் கறுப்புச் சப்பாத்தோடு நிறுத்தாமல் விளையாட்டுச் சப்பாத்துக்கும் நீட்டிக்க வேண்டும்.

வெறுங்காலில் ஓடிப் பழகிய பிள்ளையை ‘சப்பாத்து இல்லாவிட்டால் ஓட முடியாது’ என்று கோட்டிலிருந்து விலக்குவதும் தவறு. உலக மெய்வல்லுநர் சங்கத்தின் விதியே, ஒருவர் வெறுங்காலிலோ, ஒரு காலில் மட்டும் பாதணியோடோ, இரு காலிலும் பாதணியோடோ போட்டியிடலாம் என்கிறது. ஆகவே போட்டி நடத்தும் ஆசிரியர்கள் மூன்று காரியம் செய்யலாம். மரதன் பாதையை முதல் நாளே நடந்து பார்த்துக் கண்ணாடியையும் கூர்க்கல்லையும் அகற்றுங்கள். வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடியுங்கள். ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பதானால், போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிக் கொடுங்கள்.